குவிமாடமும் கண்ணி வலையும்

திருச்சிராப்பள்ளி தென்னூருக்கு அணித்தே, மதுரை சாலையை ஒட்டி, ஹஸ்ரத் தப்லே ஆலம் நத்ஹர் வலி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் தர்கா அமைந்துள்ளது. அன்னாரின் காலம் பதினொன்றாம் நூற்றாண்டு என்பது மரபு. 1752இல் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தபின் கொல்லப்பட்ட சந்தா சாஹிபும், அவரோடு ஆர்க்காட்டுப் பட்டத்துக்குப் போட்டியிட்டு வென்று 1795இல் சென்னையில் காலமான நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் இவ்வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டனர். பகைவர் இருவரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்ட செய்தியை வரலாற்றாசிரியர்கள் விரும்பிச் சொல்வர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. இத்தகைய அடக்கத்தலங்களின்மேல் கவிந்து நிற்கும் குவிமாடங்களைப் பற்றியது.

தமிழகத்தின் தொன்மையான பள்ளிவாசல்களில் குவிமாடம் அரிது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் பழம்பள்ளிகள் கருங்கல் தூண்களும் தட்டையான கல் கூரையும் உடையவை. சுதையும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய கும்மட்டம் நம்மிடையே பரவலானது பெரும்பாலும் நவாபுகள் காலத்தில்தான். ஆயினும் வளைந்த கூரையின் நுட்பம் இம்மண்ணுக்குப் புதியதென்று கூறிவிட முடியாது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் நிற்கும் வட்ட வடிவ நெற்களஞ்சியங்களும், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்கவிலாசக் குவிமாடமும் அதற்குச் சான்று. இன்று திருவெறும்பூரில் பெல் நிறுவனம் உருவாக்கும் கொதிகலன் உருளைகளும் அறிவியல் நோக்கில் அதே இனத்தைச் சேர்ந்தவையே. பொறியியலார் இவையனைத்துக்கும் இட்ட பொதுப்பெயர் 'ஓடு' என்பது. முட்டையோடும் கொட்டாங்கச்சியும் போல, தன் பருமனால் அன்றித் தன் வளைவினால் பாரம் தாங்கும் அமைப்பே ஓடு.

இந்த ஓடுகளுக்கு ஒரு நோய் உண்டு. பழைய கும்மட்டங்களின் அடிவிளிம்பிலிருந்து உச்சியை நோக்கி ஏறும் செங்குத்தான விரிசல்களைக் காணாத ஜமாஅத் நிர்வாகிகள் குறைவு. விரிசல் கண்டவுடன் "கட்டடம் பலமிழந்துவிட்டது" என்ற தீர்ப்பும், அதைத் தொடர்ந்து இடிப்பும், அவ்விடத்தில் காங்கிரீட் கும்மட்டமும் வந்துவிடுகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் நம் பழம்பள்ளிகள் பலவற்றை நாம் இழந்த வரலாற்றில் இத்தகைய அவசரத் தீர்ப்புகளுக்குப் பங்குண்டு. தீர்ப்பு எப்போதும் தவறென்று நான் சொல்லவில்லை. எந்தக் கணக்கின்மீது அது வழங்கப்பட்டது என்பதே என் கேள்வி.

அரைக்கோளக் குவிமாடம் ஒன்று தன் எடையைத் தானே சுமக்கும்போது நிகழ்வது இது. உச்சியைச் சுற்றியுள்ள பகுதியில் வளையத் திசையிலும், மேலிருந்து கீழான திசையிலும் அமுக்கவிசையே நிலவும். உச்சியிலிருந்து ஏறத்தாழ 51.8 பாகை கீழிறங்கியதும் வளையத் திசை விசை சுழியாகிறது. அதற்குக் கீழே அது இழுவிசையாக மாறுகிறது. ஓடு வெளிப்புறமாக விரியப் பார்க்கிறது. (அக்கோணத்தின் கோசைன் 0.618. இவ்வெண்ணைப் 'பொற்விகிதம்' என்று கொண்டாடுவோர் இதிலும் ஏதோ மறைபொருள் தேடக்கூடும். இருபடிச் சமன்பாடொன்றின் விடை என்பதற்குமேல் இங்கே அதில் ஒன்றுமில்லை.) சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவையைத் தாங்கா. ஆகவே கீழ்ப்பகுதியில் நெடுக்கு விரிசல் விழுவது பெரும்பாலான செங்கல் குவிமாடங்களுக்கு இயல்பு. விரிந்தபின் குவிமாடம் சாத்துக்குடிச் சுளைகளைப்போலப் பல துண்டுகளாகி, ஒன்றுக்கொன்று எதிராக உச்சியில் சாய்ந்து நிற்கும். சுவர்கள் அந்த உதைப்பைத் தாங்குமானால் அது நூற்றாண்டுகள் நிற்கும். தாங்காவிடின் விழும். எது நிகழும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இக்கேள்வி 1740களில் ரோம் நகரத்துப் புனித பேதுரு ஆலயத்தின் குவிமாடத்திலும் எழுந்தது. அங்கும் விரிசல்கள், அங்கும் அச்சம். மூன்று கணித அறிஞர் நிலைமை ஆபத்தானது என்று அறிக்கை தந்தபின், பாதுவா நகரப் பேராசிரியர் ஜொவான்னி பொலேனி அழைக்கப்பட்டார். அவர் குவிமாடத்தை மனத்தளவில் 50 சுளைகளாக அறுத்தார். ஒரு சுளையை 32 துண்டுகளாக்கினார். அத்துண்டுகளின் எடைக்கு ஏற்ற 32 குண்டுகளைக் கோத்து ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டார். தொங்கும் சங்கிலி இழுவையில் கொள்ளும் வடிவத்தைத் தலைகீழாக்கினால் அதுவே அமுக்கத்தில் நிற்கும் வளைவின் வடிவம். அவ்வடிவம் குவிமாடத்தின் பருமனுக்குள் அடங்கியிருக்கக் கண்ட பொலேனி, விரிசல் உள்ளபோதும் கட்டடம் நிற்கும் என்று முடிவு கூறி, பாதுகாப்புக்காக மேலும் இரும்பு வளையங்கள் பூட்டும்படி பரிந்துரைத்தார். அவருடைய நூல் 1748இல் வெளிவந்தது. குவிமாடம் இன்றும் நிற்கிறது.

பொலேனியின் 32 துண்டுகளுக்குப் பதிலாக முப்பதாயிரம் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். அதுவே இன்று கணினியில் நடைபெறும் 'ஃபைனைட் எலிமென்ட்' முறை. தமிழில் முடிவுறு கூறு முறை எனலாம். 1943இல் கூரான்ட் என்ற கணித மேதை முக்கோணங்களைக் கொண்டு இதற்கு வித்திட்டார். 1960இல் ரே கிளஃப் இப்பெயரைச் சூட்டினார். வளைபரப்பு முழுவதையும் சிறு முக்கோணங்களாகவோ நாற்கரங்களாகவோ பிரித்து, அவை கூடும் கணுக்களில் மட்டும் இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டு, இடைப்பட்ட இடங்களுக்கு எளிய வாய்பாட்டால் ஊகிப்பது அதன் சாரம். இத்துண்டுகளின் தொகுதியே கண்ணி வலை. வளைந்த ஓடுகளுக்கென்று 1970இல் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் மூவர் வகுத்த கூறு ஒன்று பாடநூல்களில் அவர்களுள் முதல்வரின் பெயரால் 'அஹ்மத் ஓட்டுக்கூறு' என்றே வழங்கப்படுகிறது. மற்ற இருவர் அயன்ஸ், சியென்கீவிச்.

வலை எப்படியிருந்தாலும் கணினி விடை தந்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 23ஆம் நாள் நார்வே நாட்டுக் கடற்கழியொன்றில் 'ஸ்லைப்னர் ஏ' என்ற எண்ணெய்த்துறை மேடையின் காங்கிரீட் அடித்தளம் மூழ்கிக் கடற்படுகையில் மோதி நொறுங்கியது. உருளைகள் மூன்று சந்திக்கும் முக்கோண அறையின் சுவர் ஒன்று நீரழுத்தத்தில் பிளந்ததே காரணம். விசாரணையில் வெளிப்பட்ட உண்மை வியப்பளிப்பது. அவ்விடத்தில் வலையின் கூறுகள் பருத்தும் கோணியும் அமைந்திருந்தன, அதனால் வெட்டுவிசை உண்மையிலும் 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது, சுவர் மெலிதாயிற்று. கம்பிகளின் அமைப்பிலும் குறையிருந்தது. பின்னர் சீரான வலைகொண்டு கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். பொருள் இழப்பு ஏறத்தாழ எழுபது கோடி டாலர்.

அப்படியானால் நல்ல வடிவமுள்ள கண்ணி எது? சமபக்க முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும் இயன்றவரை நெருங்கியது. பனையோலைச் சீவல்போல் மெலிந்து நீண்ட முக்கோணம் இரு வகையில் கெடுதி செய்யும். ஒரு கோணம் மிகச் சிறுத்தால் சமன்பாடுகள் நிலைகுலைந்து, எண்களின் கடைசி இலக்கப் பிழைகள் பெருகும். ஒரு கோணம் 180 பாகையை நெருங்கினால் அதைவிடத் தீது. தகைவு பற்றிய ஊகமே பொய்த்துவிடும் என்பதை 1976இல் பாபுஷ்கா, அஜீஸ் என்ற இருவர் நிறுவினர். எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறொரு கணு விழாதபடி இணைக்கும் விதியை 1934இலேயே ரஷ்ய அறிஞர் டெலோனே தந்திருந்தார். சமதளத்தில் அவ்விதி, மிகச் சிறிய கோணத்தை இயன்ற அளவு பெரிதாக வைத்திருக்கும். வளைபரப்பில் சிக்கல் கூடுதல். தட்டையான நாற்கரத்தின் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் கிடக்க மறுக்கும்.

குவிமாடத்தில் எவருக்கும் முதலில் தோன்றும் பிரிவு, பூகோளப் படத்தில் உள்ளதுபோல நெடுவரைகளும் வளையங்களும். அடியில் அது அழகிய சதுரங்களைத் தரும். மேலே செல்லச் செல்ல நெடுவரைகள் நெருங்கி, உச்சியில் ஊசிமுனை முக்கோணங்களாகக் குவிந்துவிடும். இது வலையமைப்போரின் அன்றாடத் தொல்லை. நம் வீட்டுப் பெண்கள் தொழுகைத் தொப்பி பின்னும் முறையில் இதற்கு விடையிருக்கிறது. அவர்கள் உச்சியில் சில கண்ணிகளோடு தொடங்கி, சுற்றுதோறும் புதிய கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். தொப்பி விரியும், கண்ணியின் அளவு மாறாது.

கெய்ரோவின் கல்தச்சரும் இதே தொல்லையைச் சந்தித்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மம்லூக் குவிமாடங்களின்மேல் நட்சத்திரக் கோலங்களைச் செதுக்கியோர் அடியிலிருந்து தொடங்கி மேலேறினர். மேலே போகப் போக இடம் குறுகியது, கோலம் நெருக்குண்டது. 1474இல் நிறைவெய்திய சுல்தான் காயித்பேயின் அடக்கத்தலத்திலோ கோலம் உச்சியிலிருந்தே ஒரு நட்சத்திரமாக விரிந்து கீழிறங்குகிறது. அழகுக்காக எடுத்த முடிவுதான். ஆனால் தீர்க்கப்பட்ட வடிவியல் கேள்வி இன்றைய வலையமைப்பாளருடையதே.

அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாக்தாதில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (ஹிஜ்ரி 328–388, கி.பி. 940–998). கைவினைஞர்க்கு வடிவியலில் தேவைப்படுவன பற்றி அவர் எழுதிய நூல் ஓர் அரிய ஆவணம். அறிஞர்களும் தச்சர்களும் ஒன்றுகூடி விவாதித்த அவையொன்றை அவர் அதில் குறிப்பிடுகிறார். சம அளவான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே பெரிய சதுரமாக்குவது எப்படி என்பது அங்கே எழுந்த வினா. கணித அறிஞர்கள் பெரிய சதுரத்தின் பக்க அளவை நிறுவிக் காட்டினர். தச்சர்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்கு வேண்டியது வெட்டும் முறை. தச்சர்கள் காட்டிய வெட்டுகள் சில கண்ணுக்குப் பொருந்தின; நிறுவலுக்குப் பொருந்தவில்லை. பூஸ்ஜானி இரு சாராரின் குறையையும் எடுத்துரைத்துத் தம் தீர்வை வழங்கினார். இன்றைய பொறியியல் அலுவலகங்களிலும் இதே விவாதம் வேறு உடையில் நடைபெறுகிறது. திரையில் அழகாகத் தோன்றும் வலை எல்லாம் கணக்கில் தேறுவதில்லை.

அந்நூலின் இறுதிப் பகுதியில் அவர் கோளத்தின் மேற்பரப்பைச் சம அளவான கோளப் பல்கோணங்களாகப் பகுக்கும் முறைகளைத் தருகிறார். இருபது சம முக்கோணங்களாகப் பகுப்பதும் அவற்றுள் அடங்கும். 1920களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஜேனா நகரில் வால்தர் பாவர்ஸ்ஃபெல்ட் கோளரங்கத்துக்காக இரும்புக் கம்பி வலையொன்றை அமைத்தபோது அந்த இருபது முகப் பகுப்பையே அடிப்படையாகக் கொண்டார். 16 மீட்டர் அகலமுள்ள அந்தச் சோதனைக் குவிமாடத்தின் காங்கிரீட் பருமன் மூன்றே சென்டிமீட்டர். இன்றும் உச்சியில் ஊசிமுனை விழாத வலை வேண்டுமென்றால் இருபது முகத்திலிருந்தோ எண்முகத்திலிருந்தோ தொடங்கி, ஒவ்வொரு முக்கோணத்தையும் நான்காகப் பகுத்துச் செல்வது வழக்கம். பூஸ்ஜானியே கணினி முறையைக் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் முழங்குவோருக்கு இச்செய்தி பயன்படக்கூடாது. அவர் விசையைக் கணக்கிடவில்லை. பரப்பை நேர்மையாகப் பகுக்கும் கலையை அவர் கற்பித்தார். அதுவே போதிய பெருமை.

சமர்கந்தில் உலுக் பேக்கின் அவையில் விளங்கிய ஜம்ஷீத் அல்காஷி, ஹிஜ்ரி 830இல் (1427) முடித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' நூலில் வளைவு, கும்மட்டம், முகர்னஸ் ஆகியவற்றை அளக்கத் தனி இயல் ஒதுக்கினார். கூர்நுனிக் கும்மட்டத்தைக் கிடைமட்ட வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் தலை வெட்டிய கூம்பாகக் கொண்டு கூட்டுவது அவர் முறை. தேர்ந்த வடிவம் ஒன்றுக்கு, அடிவிட்டத்தின் வர்க்கத்தை 1.775ஆல் பெருக்கினால் பரப்பும், அதன் கனத்தை 0.306ஆல் பெருக்கினால் கொள்ளளவும் வரும் என்று சுருக்க வாய்பாடும் தந்தார். சரியான அரைக்கோளத்துக்கு அவ்வெண்கள் முறையே 1.571, 0.262; கூர்நுனியின் மிகுதி இதனால் விளங்கும். முகர்னஸை அளக்கையில் அதன் சிறு முகங்களை வகை பிரித்து எண்ணி, ஓர் அலகால் பெருக்கச் சொல்கிறார். கொத்தனாரின் கூலிக்கும் பொருள் மதிப்பீட்டுக்கும் இது போதும். அலகு ஒன்றை மாற்றினால் முழுக் கட்டடத்தின் அளவும் உடன் மாறும் இந்த முறையை, இன்று 'பாராமெட்ரிக்' வடிவமைப்பு என்று புதுப்பெயரிட்டு அழைக்கிறோம்.

ஹஜ்ஜுக்குச் சென்று ஜித்தா விமான நிலையத்தில் இறங்கிய நம் ஹாஜிகள் பலர் இக்கணக்கின் நிழலிலேயே காத்திருந்திருக்கிறார்கள். 1981இல் நிறைவுற்ற அந்த ஹஜ் முனையத்தின் கூரை, 45 மீட்டர் சதுரமான 210 கூடாரங்கள் கொண்டது. டாக்காவில் கல்வி கற்று சிகாகோவில் புகழ்பெற்ற பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அதன் அமைப்பில் முதன்மைப் பங்காற்றினார்; 1982இல் ஜித்தாவிலேயே காலமானார். அத்துணிக்கூரையின் வடிவத்தை ஓவியர் வரையவில்லை. கணினியில் வலையொன்றை இழுத்துச் சமநிலைக்குக் கொணர்ந்தே அது பெறப்பட்டது. நம் நாட்டிலும் ஜி. எஸ். ராமசாமி இதற்கு நேர்மாறான எளிய வழியொன்றைப் பரப்பினார். 1965இல் ரூர்க்கியில் தொடங்கிய கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் முதல் இயக்குநரான அவர், சட்டத்தில் கட்டிய சாக்குத்துணி ஈரக் காங்கிரீட்டின் எடையால் தொய்யும் வடிவத்தைத் தலைகீழாக்கிச் சிற்றோடுகள் செய்தார். பொலேனியின் சங்கிலி துணியாக மாறியது என்றே கூறலாம்.

இனி நம் கும்மட்டங்களுக்கு வருவோம். செங்கல் குவிமாடமொன்றைக் கணினியில் ஆராய விரும்பும் ஜமாஅத் முதலில் செலவிட வேண்டியது அளவெடுப்புக்கே. லேசர் கருவி ஒரு நாளில் பல இலட்சம் புள்ளிகளைத் தந்துவிடும். அப்புள்ளிகளை நேரே இணைத்த வலையைக் கணக்குக்குப் பயன்படுத்தலாகாது. சுதைப் பூச்சின் மேடு பள்ளமெல்லாம் அதில் கூறுகளாகிவிடும்; ஓலைச் சீவல் முக்கோணங்கள் மலிந்திருக்கும். புள்ளிகளிலிருந்து அடிவிட்டம், எழுச்சி, கழுத்துப்பகுதியின் உயரம், இடத்துக்கு இடம் மாறும் பருமன் ஆகிய சில அளவைகளைப் பிரித்தெடுத்து, அவற்றால் ஆளப்படும் தூய பரப்பொன்றை அமைத்து, அதன்மேல் புதிய வலை நெய்ய வேண்டும். எழுச்சியை மாற்றிப் பார்க்கும்போது பழைய வலையையே இழுத்து நீட்டும் சோம்பலும் கூடாது. இழுபட்ட சதுரம் சாய்சதுரமாகிக் கணக்கைக் கெடுக்கும். கும்மட்டம் சுவரைச் சந்திக்கும் மூலைகளிலும், சாளரங்களைச் சுற்றியும், விரிசலின் நுனியிலும் கண்ணி நெருக்கமாக இருக்கட்டும். பின்னர் எல்லாக் கண்ணிகளையும் பாதியாக்கி மீண்டும் கணக்கிட வேண்டும். விடை கணிசமாக மாறினால் முதல் விடையைக் கிழித்துப் போடலாம். மென்பொருளையும் சோதிக்காமல் நம்பலாகாது. ஸ்கோர்டெலிஸ், லோ என்போர் 1964இல் வெளியிட்ட உருளைக்கூரைக் கணக்கு அதற்கான உரைகல். விளிம்பின் நடுவில் 0.3024 அடி தாழ வேண்டும். அவ்விடையைத் தராத வலையமைப்பு நம் கும்மட்டத்துக்கும் உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்பையும் காங்கிரீட்டையும் கருதி எழுதப்பட்ட மென்பொருள், செங்கல் இழுவையைத் தாங்கும் என்று தானே எடுத்துக்கொள்ளும். மேலே கூறிய 51.8 பாகைக் கோட்டுக்குக் கீழே விரிசலை அனுமதிக்காத கணக்கு, எவ்வளவு சீரான வலையில் அமைந்தாலும், பழைய கும்மட்டத்தைப் பற்றிய பொய்ச்சாட்சியே. ஆயா சோஃபியாவைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க்கும் அஹ்மத் சக்மாக்கும் ஆராய்ந்தபோது, 1992இல் வெளிவந்த அவர்களது தொகுப்பு நூல் காட்டுவதுபோல, கணினி மாதிரியோடு கட்டடத்தின் வரலாற்றையும் சேர்த்தே படித்தார்கள். 558இல் முதல் குவிமாடம் சரிந்தது, பின்னர் எழுப்பியது சற்று உயரமானது, பதினாறாம் நூற்றாண்டில் சினான் தாங்குசுவர்கள் சேர்த்தது ஆகிய செய்திகள் இல்லாமல் எந்த வலையும் அக்கட்டடத்தைப் புரிந்துகொள்ளாது. பீஜாப்பூரின் கோல் கும்பஸ் (1656) எட்டு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்த இரு சதுரங்களாக அமைந்த தளத்தின்மேல் நிற்கிறது. அவ்வளைவுகளின் எடை உள்நோக்கிச் சாய்ந்து குவிமாடத்தின் உதைப்பை ஓரளவு எதிர்க்கிறது. இந்நுட்பம் அறியாமல் குவிமாடத்தை மட்டும் தனியே அறுத்துக் கணக்கிட்டால், நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தைக் கணினி விழுத்திக் காட்டிவிடும்.

1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த நிறுவனம் துவாக்குடியில் இருக்கிறது. தென்னூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான். அதன் கட்டடப் பொறியியல் மாணவர்க்கு ஆண்டுதோறும் ஆய்வுப் பொருள் தேவைப்படுகிறது. நம் ஊர்களின் கும்மட்டங்களுக்கோ அளந்து வரைந்த படங்கள்கூடப் பெரும்பாலும் இல்லை. நிர்வாகம் ஒரு கடிதம் எழுதலாம்.

அதுவரை செய்வதற்கும் ஒரு வேலையுண்டு. விரிசலின் குறுக்கே இரு பக்கமும் சாந்து வைத்து மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டி, அன்றைய தேதியை அருகில் எழுதி வைக்கலாம். வெயிலிலும் மழையிலும் ஓராண்டு முழுவதும் அது உடையாதிருந்தால் விரிசல் உறங்குகிறது. உடைந்தால், எந்த மாதத்தில் என்பதைப் பதிவேட்டில் குறித்துப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். கடப்பாரை எடுப்பவரிடம் அப்பதிவேட்டை முதலில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.